இறங்காத அரை சுரம்

கவிதை கிளெமென்ட் எழுதியது. கம்பளி ஆலைத் தூசி நெஞ்சை அடைத்து, இருபத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்த பிள்ளை. அவன் உயிரோடு இருந்தவரை "வெட்டிக் கிறுக்கல்" என்று ஏசிய அப்பன், போனபிறகு உட்கார்ந்து அந்த எட்டு வரிக்கும் நான்கு குரலில் மெட்டமைத்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன சொல்ல.

அப்பன் பெயர் ஈனாக் ஹெப்பிள்ஸ்வெய்ட். ஆலையில் மேஸ்திரி, ஊர்ச் சிறு தேவாலயமான சேப்பலில் பாடகர் குழுவுக்கு மாஸ்டர். கடலோர ஊரில் வருஷாவருஷம் நடக்கும் பாட்டுப் போட்டியில் புதுப்பாட்டுக்கு முதல் பரிசு கிடைத்தால், லண்டன் பதிப்பாளர் ஒருவர் அதை அச்சடித்துத் தருவார். தலைப்புக்குக் கீழே மகன் பெயர் அச்சில் வரவேண்டும். ஈனாக்குக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வாத்தியம் இல்லாமல் பாடவேண்டிய பாட்டு. அவர் குழுவுக்கோ பாடப்பாடச் சுருதி இறங்குவது பிறவி நோய். போன மூன்று வருஷமும் தொடங்கிய இடத்திலிருந்து அரை சுரம் கீழே போய்த்தான் முடித்தார்கள். பாட்டு முடிந்ததும் நடுவரின் ஆள் பியானோவில் சரியான சுரத்தைத் தட்டிக் காட்டுவான். அரங்கமே நமுட்டுச் சிரிப்பு சிரிக்கும். ஈனாக் சூடு கண்ட பூனை. இந்த வருஷம் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். மேடையில் சுருதி பிடிக்கும் இசைக்கவையைத் தட்டிக் காதோரம் வைத்து, குழுவுக்கு முனகிக் காட்டவேண்டிய சுரத்தை அரை சுரம் தூக்கிக் கொடுத்தார். இறங்கினால் சரியான இடத்தில் வந்து நிற்கட்டுமே என்று கணக்கு.

இரண்டாம் வரிசையில் நின்ற மனைவி செலீனா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கோயில் மணி அடித்தால் அது என்ன சுரம் என்று சொல்லிவிடும் காது அவளுக்கு. பதற்றமாக்கும் என்று ஈனாக் நினைத்துக்கொண்டார்.

பாடினார்கள். ஐந்தாம் வரியில் ஈனாக் காதைத் தீட்டிக் கேட்டார். யாரும் இறங்கவில்லை. 'இறங்கித் தொலையுங்களேன், பாவிகளா' என்று மனசுக்குள் கெஞ்சினார். இங்கிலாந்திலேயே தன் குழு சுருதி தவறவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மாஸ்டர் அவராகத்தான் இருப்பார். கடைசி வரியில் மகனின் சொற்கள் சுத்தமாக, உறுதியாக, அரை சுரம் தள்ளி நின்றன.

பியானோ ஒலித்தது. அரங்கம் உச்சுக் கொட்டியது.

"இன்னைக்கு இவங்கள மாதிரி யாரும் பாடல" என்றார் நடுவர். "ஆனா அரை சுரம் மேல போயிட்டாங்க. சுருதின்னா சுருதிதான்."

ஒரே ஒரு மதிப்பெண்ணில் இரண்டாம் இடம்.

திரும்பும் ரயிலில் குழு முழுக்க ஒரே பெட்டியில் ஏறியது. அடிக்குரல் பாடும் ஜேபஸ்தான் பேச்சை ஆரம்பித்தார். "தப்பு எங்க மேலதான் மாஸ்டர். கிளெமென்ட் பாட்டு இறங்கவே கூடாதுன்னு ஆறு வாரமா உங்களுக்குத் தெரியாம என் தங்கச்சி வீட்டுப் பியானோவ வச்சுப் பழகினோம். அந்த வேகத்துல ஏத்திட்டோம்போல. மன்னிச்சிடுங்க."

ஈனாக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ குடுத்தப்பவே சுரம் மேல இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று செலீனா அவர் காதருகே சொன்னாள். "எனக்கு மட்டுந்தான் அப்படிக் கேக்குதோன்னு நெனச்சுப் பாடிட்டேன். பெத்த புள்ளையத்தான் நம்பல. இவங்களையுமா? சொல்லிடு, ஈனாக்."

"சொல்றேன்."

சொல்லவில்லை. இரண்டு ஸ்டேஷன் போயின. செலீனா பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒரு சுரத்தை முனகினாள். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கிளெமென்டின் எட்டு வரியும் அந்தப் பெட்டிக்குள் இன்னொரு முறை எழுந்து அடங்கியது.

ஈனாக் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தார். தாளில் எழுதிய அதே சுரம். ஒரு மயிரிழை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்ன மாஸ்டர்" என்றார் ஜேபஸ். "இப்பவும் ஏறிடுச்சா?"

எல்லா முகமும் அவரைப் பார்த்தது.

"கொஞ்சம்" என்றார் ஈனாக்.

"எங்க லட்சணம் அவ்வளவுதான்" என்று ஜேபஸ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். செலீனா எழுந்து போய் எதிர் மூலையில் உட்கார்ந்தாள்.