தொட்டில் வண்டியின் மஞ்சள் விளக்கு

எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரியும். எரியாமலே இருந்தால் நிம்மதி. என் வண்டியின் விளக்கு இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. நான் தனியாக இருக்கும்போது எரியும். மெக்கானிக் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முழிக்கும். இருபத்திரண்டு வயதான ஜப்பான் வண்டி, வலது பக்கம் ஸ்டியரிங். ஒன்பது வருடம் என்னிடம் ஒழுங்காக உழைத்தது. சரியாக என் மகளுக்குப் பிள்ளை பிறந்த மாதம் பார்த்து அதற்குப் புத்தி பேதலித்தது.

நாங்கள் இருப்பது காரா-பால்ட்டாவில். மகள் சைகல் வாழ்க்கைப்பட்டிருப்பது மலைக்கு அந்தப் பக்கம், தலாஸில். நடுவில் தோ-அஷூ கணவாய், அதற்கப்பால் இன்னொரு கணவாய். முதல் பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுபோக வேண்டியது பெண்ணைப் பெற்றவர்கள். தொப்புள்கொடி விழுந்ததும் போடலாம். என்ன தாமதமானாலும் நாற்பதாம் நாள், நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது பிள்ளை தாய்வீட்டுத் தொட்டிலில் கிடக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நாங்கள் சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது, சைகலும் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

மரத்தொட்டில் தயாராக இருந்தது. என் மனைவி புருல் அதன் மெத்தைக்காகத் தன் கையாலேயே ஆட்டு மயிரை மிதித்து, உருட்டி, தடிமனான வெள்ளைக் கம்பளி செய்திருந்தாள். வெட்டியது போக ஒரு பெரிய துண்டு மிஞ்சியது. அதன் நான்கு ஓரத்திலும் சிவப்பு நூலால் ஆட்டுக்கொம்புக் கோலம் தைத்து என்னிடம் நீட்டினாள்.

"எஞ்சின் மேல போத்துங்க. கணவாயில மைனஸ் முப்பது டிகிரி குளிர்."

"எஞ்சினுக்குப் பூப்போட்ட சட்டையா?" என்றேன்.

"போன வருஷம் பழைய சாக்கப் போட்டீங்களே, அப்ப கூசலையா? ஒண்ணு சொல்லிப்புட்டேன் பெரியவரே, எவன் எண்ணெய்க் கையும் இதுல படக் கூடாது."

எனக்கு ஐம்பத்து நான்கு வயதுதான். கோபத்தில் மட்டும் நான் அவளுக்குப் பெரியவர். இங்கே குளிர்காலத்தில் எஞ்சினுக்குப் போர்த்தாதவர்கள் கிடையாது என்பதால் நானும் போர்த்திக்கொண்டேன்.

பிள்ளை பிறந்த பதினெட்டாம் நாள் தொட்டிலை வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சோஸ்னோவ்கா தாண்டி ஏற்றம் தொடங்கி நாலாவது வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே வண்டி விக்கல் எடுத்தது. மிதித்தால் இழுக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே என்னைத் திட்டினான். மேலே போகப் போகப் பனியும் செங்குத்தும்தான். நடுக் கணவாயில் நின்றால் இரண்டு பேரும் விறைத்துப்போவோம். திரும்பினேன்.

இஸ்மாரின் முற்றத்துக்கு நேராகப் போனேன். இஸ்மார் துங்கான் இனத்து இளைஞன், வண்டிகளின் மின்சார வேலையில் எங்கள் ஊரில் அவனை விட்டால் ஆளில்லை. வண்டியை நிறுத்தி, எடுக்க வேண்டியதை எடுத்து டிக்கியில் வைத்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். நான் சர்க்கரை ஆலையில் சாமான் அறை பார்ப்பவன். ஒருவனை வேலைக்குக் கூப்பிடும் முன் இடத்தை ஒழித்துத் தருவது என் பழக்கம்.

அவன் ஸ்கேனரைச் செருகிப் படித்தான்.

"காத்து அளக்கிற சென்சார்லேர்ந்து தகவல் வரலைங்குது. இப்ப வருது. நல்லா வருது."

ஒயரை இழுத்தான், ஆட்டினான், தட்டினான். எஞ்சின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. சென்சார் ஒயரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஸ்கேனரால் விளக்கை அணைத்தான். இருவரும் ஊரைச் சுற்றி வந்தோம், விளக்கு எரியவில்லை.

"துருதான் அண்ணே. போங்க, தொட்டிலக் கொண்டுபோங்க" என்றான்.

இருபத்தைந்தாம் நாள் மறுபடி கிளம்பினோம். இந்த முறை ஆறாவது வளைவு வரைக்கும் விட்டது.  திரும்பும்போது புருல் மடியில் இருந்த போர்சோக் பலகார மூட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இஸ்மார் சென்சாரையே மாற்றினான். முற்றத்தில் எல்லாம் சுத்தம். நாலு நாள் கழித்து வேலைக்குப் போகும் வழியில், ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது எரிந்தது. திரும்பி அவனிடம் ஓடினேன். பானெட்டைத் திறந்து, ஒழித்து வைத்து, அவனைக் கூப்பிட்டேன். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

"உங்க வண்டிக்கு என்னக் கண்டா வெக்கம் அண்ணே."

"வெக்கமா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இதக் கொண்டுபோய் ஆத்துல தள்ளிடுவேன்."

"தள்ளுங்க. தொட்டில முதுகுல கட்டிக்கிட்டு நடங்க."

பெட்ரோலில் தண்ணீர் என்று ஒருவன் சொன்னான். டேங்கைக் காலி செய்து வேறு ஊற்றினோம். பாட்டரி ஒயர் என்றான் இன்னொருவன், அதையும் மாற்றினோம். ஆலையில் லாரி ஓட்டும் ஒருத்தன் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னான். வண்டி விக்குவதற்கு எங்கே டேப் ஒட்டுவது என்று கேட்டேன். அதோடு அவன் பேசுவதை விட்டான். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வீட்டில், நாங்கள் எப்போதும் உப்புப் போட்டுக் குடிக்கும் டீயில் உப்பு கூடிவிட்டது என்று கோப்பையைத் தள்ளினேன். உப்பு எப்போதும் போலத்தான் இருந்தது.

இதற்கிடையில் சம்பந்தி ஒஸ்கோன் போன் செய்தார். அவர் பீன்ஸ் விவசாயி. குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர்.

"என்ன சம்பந்தி, மரம் இன்னும் காட்டுலதான் நிக்குதா? பேரன் தாடி வளர்த்துருவான் போல. பக்கத்து வீட்ல ஒரு தொட்டில் சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கட்டுமா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார், சம்பந்திகள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. உடனே சைகலைக் கூப்பிட்டேன்.

"வண்டி சரியாயிருச்சாப்பா?" என்றாள்.

"நாளைக்கு ஆயிரும்."

"அவசரமில்லப்பா. பாத்து வாங்க. இங்க ஒண்ணும் கஷ்டமில்ல."

அவசரமில்லை என்று அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் இஸ்மார் ஸ்கேனரை மேசை மேல் போட்டான். "இனி நான் முற்றத்துல பாக்க மாட்டேன். நாளைக்குக் கெளம்புங்க. எரிஞ்சா எஞ்சின நிறுத்தாதீங்க. பானெட்டத் திறக்காதீங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே எங்கிட்ட வந்து நில்லுங்க. நான்தான் தெறப்பேன்."

"நான் தெறந்தா என்ன கெட்டுருது?"

"ஒண்ணும் கெடலைங்கிறதுதான் என் பிரச்சினை. நீங்க தெறக்கிற வண்டி எல்லாம் நல்லா இருக்கு."

முப்பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வளைவுகளை நான் எண்ணவில்லை, புருல் எண்ணினாள். ஐந்தில் எரிந்தது. ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம். ஓரமாக நிறுத்தி இறங்கப் போனேன்.

"எங்க போறீங்க?" என்றாள் புருல்.

"தெறந்து பாக்கிறேன்."

"அந்தத் தம்பி தொடாதேன்னு சொல்லிச்சில்ல?"

"அவனுக்கென்ன தெரியும்? இத்தன நாள் என்னத்தக் கிழிச்சான்?"

"நீங்க கிழிச்சதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேனே. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். விக்கி விக்கி, இறக்கத்தில் உருண்டு, இஸ்மாரின் முற்றம் வரை எஞ்சினை அணைக்காமல் வந்து சேர்ந்தோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முதல் முறையாக அவன் முன்னால் வண்டி விக்கியது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பழக்கம் போகுமா? இறங்கிய கையோடு பானெட் நெம்புகோலை இழுத்துவிட்டு முன்பக்கம் போனேன்.

இஸ்மார் என் மணிக்கட்டைப் பிடித்தான். "அண்ணே. தொடாதீங்கன்னேன்."

"நீ பாரு, யாரு வேண்டாம்னா? கம்பளிய மட்டும் எடுத்துக்கிறேன்."

"எந்தக் கம்பளி?"

"எஞ்சின் மேல போத்துற கம்பளி."

அவன் என் கையை விட்டான். "இத்தன தடவ வந்தீங்களே, அப்பல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. உன்னக் கூப்பிடுறதுக்கு முன்னாடி எடுத்து டிக்கியில வச்சிருவேன். போகும்போது போட்டுக்குவேன்."

"ஏன்?"

"உன் எண்ணெய்க் கை படக் கூடாதில்ல? வெள்ளக் கம்பளி."

 இஸ்மார் பானெட்டை மெல்லத் தூக்கினான். கம்பளி ஏற்றத்தில் பின்னால் சரிந்து கண்ணாடிப் பக்கம் குவிந்து கிடந்தது. கோலம் தைத்த தடித்த மூலை ஒன்று சென்சார் ஒயருக்கு அடியில் புகுந்து அதை நெம்பிக்கொண்டிருந்தது. அவன் அந்த மூலையை இரண்டு விரலால் தூக்கினான். விக்கல் நின்றது. அங்கேயே வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். விக்கியது. தூக்கினான், நின்றது. இன்னொரு முறையும் செய்து காட்டினான். முதல் முறையே எனக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரியும்.

"பிளக்குக்குள்ள ஒரு முள்ளு தளர்ந்திருக்கு" என்றான். "கையால ஆட்டினா தெரியல. ஏத்தத்துல இது சரிஞ்சு, மேல பானெட்டும் அழுத்தினா விட்டுப்போகுது. சமதரையில எப்பவாவது ஒரு குலுக்கல்ல. நீங்க இத எடுத்துட்டா எல்லாம் சரி. வியாதிய வீட்ல விட்டுட்டு ஆளை மட்டும் டாக்டர்கிட்டக் கூட்டி வந்திருக்கீங்க."

புருல் வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். "அப்ப நான் தச்சதா தம்பி?"

"நீங்க தச்சது நல்லாத்தான் இருக்கு அக்கா. இத்தன நாள் என் கண்ணுலயே காட்டல இவரு."

 இஸ்மாரைத் திட்ட இடமில்லை. புருலைத் திட்டினால் மனிதனே இல்லை. பெட்ரோல்காரன், பாட்டரி ஒயர், லாரிக்காரன், உப்பு டீ எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இருபத்தொரு நாளாக எஞ்சின் கோளாறை நானே என் கையால் பவ்யமாக மடித்து டிக்கியில் வைத்து, அதற்குப் பிறகு கோளாறைக் கண்டுபிடி என்று ஊரையே வதைத்திருக்கிறேன். 

இஸ்மார் முள்ளை நெருக்கி, பிளக்கைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்ட இருபது நிமிடம் ஆனது. புருல் கம்பளியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் இஸ்மாரின் இரண்டு விரல் அடையாளம் கறுப்பாக இருந்தது. 

ஐந்தாவது வளைவு வந்தது, ஆறாவது வந்தது. விளக்கு எரியவில்லை. கணவாய் உச்சியின் சுரங்கப்பாதையைத் தாண்டி, சூசாமிர் பனிவெளியைத் தாண்டி, இரண்டாவது கணவாயும் இறங்கி, வெயில் சாயும் முன் தலாஸ் வந்து சேர்ந்தோம்.

ஒஸ்கோன் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். உள்ளே சுவரோரம் பக்கத்து வீட்டுத் தொட்டில் இருந்தது. துடைத்து, துணி விரித்து, நாளைக்குத் தயாராக வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவர் அவசரமாகப் பேசினார்.

"சும்மா ஒரு இதுக்கு. ஆமா, வண்டிக்கு என்னதான் கோளாறு சம்பந்தி?"

பெட்ரோல் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊர் பெட்ரோலைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவார்கள். புருல் என் பக்கம் திரும்பாமல் போர்சோக் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில ஒரு முள்ளு தளர்ந்திருந்துச்சு" என்றேன். "அதக் கண்டுபிடிக்க விடாம நான்தான் கெடுத்துக்கிட்டு இருந்தேன்." முழுக் கதையையும் சொன்னேன். ஒஸ்கோன் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு கட்டத்தில் புருலும் சிரித்துவிட்டாள்.

சைகல் சிரிக்கவில்லை. பிள்ளையை இடது கையில் போட்டுக்கொண்டு, நாங்கள் இறக்கி வைத்த தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுத் தொட்டில்ல ஒரு நாளும் போட விடல உங்க பொண்ணு" என்றாள் சம்பந்தியம்மா. "தரையில விட்டா கத்துறான். ராப்பகலா அந்தக் கையிலயேதான் வச்சிருக்கா. எங்கப்பா கொண்டாந்துருவாரு, நாளைக்கு வந்துருவாருன்னு."

நாளைக்கு, நாளைக்கு என்று சொன்னது நான். அவசரமில்லை என்று அவள் சொன்னதை நம்பியதும் நான்.

புருல் மெத்தையைத் தட்டி விரித்தாள். நாற்பதாம் நாள் நாளைக்குத்தானே என்று யாரும் சொல்லவில்லை. சைகல் குனிந்து பிள்ளையை அதில் கிடத்தினாள். அவன் ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனான். அவள் நிமிர்ந்தாள். இடது கை மட்டும் பிள்ளை இருந்தபடியே மடங்கி நின்றது. முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது.

"நீட்ட வரலப்பா" என்றாள், சிரிக்கப் பார்த்து.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை என் மடியில் வைத்து, நிதானமாக, விரல் விரலாக நீவிவிட்டேன். அது நிமிர வெகுநேரம் ஆனது.