பதிமூன்றாம் எண்ணில் ட்ரம்பெட்

பெர்லிதா தன் கீபோர்டில் இருந்த ஒலிகளுக்கு வைத்திருந்த பெயர்கள் அவளைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. சா-சா நடனப் பாட்டுக்கு வரும் காது கிழிக்கிற ட்ரம்பெட்டுக்குப் பெயர் ‘மாமியார்’. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுமாம். பழைய சீனக் காதல் பாட்டுக்கு வைத்திருந்த மெல்லிய பியானோ ‘மழைக்கோட்டு’. இடது கைக்கு ஒன்றும் வலது கைக்கு ஒன்றுமாகப் பிரித்து வைத்த ஒலிகளுக்கெல்லாம் ‘பாதி வெந்தது’ என்று பெயர். இப்படி அறுபது. மக்காவ் ஓட்டலின் நான்காம் மாடி லவுஞ்சில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு மூன்று சுற்று, ஆறு வருஷமாக அவள் இந்த அறுபதையும் வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த அறுபதையும் வரிசை போட்டுத் தரச் சொல்லி டிண்டோ கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டின்போது. டிண்டோ பேஸ் கிடார் வாசிப்பவன், குழுவுக்குத் தலைவன், எல்லோருக்கும் ‘குயா’, அதாவது அண்ணன். ஐந்து பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஓட்டல் கொடுத்த ஒரே குடியிருப்பில் இருந்தார்கள்.

“பெர்லி, உன் சத்தத்தையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கிக் குடு. ஒண்ணுல ஆரம்பிச்சு அறுபது வரைக்கும், நாம பாடுற வரிசையில. எந்தப் பாட்டுக்கு எந்த நம்பர்னு பேப்பர்லயும் எழுதிடு. பென் டிரைவ்ல ஒரு காப்பி வேணும்.”

“எதுக்கு குயா இப்ப திடீர்னு?”

“சும்மாதான். யார் பாத்தாலும் புரியணும்ல.”

வறுத்த மீனைக் காடியில் தொட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பெர்லிதா தட்டைத் தள்ளி வைத்தாள். யார் பார்த்தாலும் என்றால் யார்? கீபோர்டைப் பார்க்க அவள் ஒருத்திதானே இருக்கிறாள்?

சந்தேகம் வந்துவிட்டால் பெர்லிதாவுக்குத் தூக்கம், பசி எதுவும் கிடையாது, கண்ணும் காதும் மட்டும்தான். அந்த வாரம் அவள் நிறையப் பார்த்தாள். டிண்டோ போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாடகி ஜெனலின், பெர்லிதாவின் அறையிலேயே படுப்பவள், ‘ஆத்தே’ (அக்கா) என்று வாய் நிறையக் கூப்பிடுபவள், இவள் உள்ளே நுழைந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். வியாழக்கிழமை டிண்டோ வந்து பாஸ்போர்ட் நகல் கேட்டான்.

“பெர்மிட் விஷயமா.”

“எல்லாரும் குடுக்கணுமா?”

“இப்போதைக்கு உன்னோடது மட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரொட்டி வாங்கப் போனபோது, ‘மூன்று விளக்கு வட்டம்’ என்ற சந்திப்பின் பக்கத்துக் காபிக் கடையில் டிண்டோ உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், பிலிப்பைன்ஸ் முகம். அவன் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது கீபோர்டு பை. கிடார் பையையும் கீபோர்டு பையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவளா பெர்லிதா? வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தாள்.

நாற்பத்தெட்டு வயதில் வேலை போனால் இன்னொரு ஓட்டலில் யார் எடுப்பார்கள்? ஊரில் மகள் லவெல்லாவுக்கு ஜனவரி பதினாலாம் தேதி கல்யாணம். பந்தியும் மண்டபமும் இவள் சம்பளத்தை நம்பித்தான் பேசி முடித்தது. கல்யாணத்துக்குப் போக முடியாது என்பது முன்பே முடிந்த விஷயம். மேடையில் ஐந்து பேர் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம், அதுவும் டிசம்பரிலிருந்து சீனப் புத்தாண்டு வரை யாருக்கும் லீவே கிடையாது. போனில் பார்த்துக்கொள்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருஷம் முன்பு லவெல்லாவின் பட்டமளிப்புக்கு ‘நான் பாத்துக்கறேன், நீ போற’ என்று டிண்டோ வாக்குக் கொடுத்தான். இவளும் சாமான் வாங்கிப் பெட்டி கட்டிக் கயிறு போட்டாள். கடைசி வாரத்தில் ஓட்டல் மாட்டேன் என்றது. பெட்டி கப்பலில் போனது, இவள் இங்கேயே நின்றாள். பத்து நாள் அவனோடு பேசவில்லை.

அதெல்லாம் பழைய கதை. இப்போது கல்யாணமும் பார்க்க முடியாது, வேலையும் இல்லை என்றால்? என் கையாலேயே என் குழியை நோண்டச் சொல்கிறானே பாவி என்று நினைத்தாள்.

சரி, நோண்டித் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். திங்கட்கிழமை விடுமுறை. பெயர்களையெல்லாம் அழித்தாள். ‘மாமியார்’ பன்னிரண்டாம் எண் ஆனது. ‘மழைக்கோட்டு’ பதிமூன்று. குழுவிடம் ஒரு சின்ன பழைய கீபோர்டு இருந்தது, உதவிக்கு வைத்தது. அதில் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒரு பாட்டுக்குள்ளேயே நாலைந்து ஒலி மாறும், இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால் காலடியில் ஒரு பெடல். ஒரு மிதி மிதித்தால் அடுத்த எண், அடுத்த ஒலி. வாசிப்பவன் கண் பேப்பரில், கால் பெடலில். வரிசை சரியாக இருந்தால் குழந்தைகூட வாசித்துவிடும்.

வரிசை சரியாக இருந்தால்தானே?

பென் டிரைவில் போட்ட நகலில் மட்டும், பன்னிரண்டுக்குப் பிறகு அதே ட்ரம்பெட்டை இன்னொரு முறை நுழைத்தாள். அவ்வளவுதான் செய்தது. அதற்குப் பின்னால் இருந்த ஒலியெல்லாம் ஓரிடம் தள்ளிப்போனது. பேப்பரில் எண்ணை மாற்றவில்லை. பேப்பர் பதிமூன்று என்றால் காதல் பாட்டு என்று சொல்லும். கீபோர்டு பதிமூன்று என்றால் ட்ரம்பெட் ஊதும். மூன்று பாட்டு தேனாகப் போகும், நான்காவதில் புது ஆளின் மானம் கப்பலேறும். வந்தவனுக்கு வாசிக்கவே தெரியவில்லை என்பார்கள், மறுபடி அவளைத்தான் கூப்பிடுவார்கள். பேப்பரை அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் ஒரு பூவும் வரைந்தாள். அந்தப் பூவுக்காகவே அவளை அறைந்திருக்கலாம்.

“அடேங்கப்பா, என்ன சுத்தம்!” என்றான் டிண்டோ, பேப்பரைப் பார்த்து. “தேங்க்ஸ் பெர்லி.”

“இருக்கட்டும் குயா. யார் பாத்தாலும் புரியும்.”

புதன்கிழமை ஒத்திகை இல்லை என்று டிண்டோ சொன்னான். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குச் சின்ன கீபோர்டு மூலையில் இல்லை. ஜெனலினும் இல்லை. பெர்லிதா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓட்டலின் பின்பக்கம் வேலைக்காரர்கள் போகும் லிஃப்டில் ஏறி, நான்காம் மாடியில் இறங்கி, மதுக் கவுண்டர்ப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

நினைத்தது சரிதான். மேடையில் டிண்டோ, கிடார், டிரம்ஸ். அவள் நிற்கும் இடத்தில் காபிக் கடை ஆள், அவன் முன்னால் சின்ன கீபோர்டு, ஸ்டாண்டில் பூ வரைந்த பேப்பர். கீழே முதல் மேசையில் மிஸ்டர் லியோங். லவுஞ்சில் யார் வாசிக்கலாம், யார் கூடாது என்று முடிவு செய்கிற மேனேஜர்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவதும். ஆள் கெட்டிக்காரன்தான், கை மெத்தென்று விழுந்தது. பெர்லிதாவுக்கு அது பிடிக்கவில்லை. இருடா, உனக்கு இருக்கிறது என்று தூணைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது, சா-சா. மாமியார் வந்தார். அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு கை விழுந்தது. ஜெனலின், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

“ஆத்தே பெர்லி! நீ எங்க இங்க? ஐயோ, குயா என்னக் கொன்னுடுவாரு!”

“கொல்லட்டும். எத்தன நாளா நடக்குது இந்த நாடகம்? என் எடத்துக்கு ஆள் புடிச்சாச்சுல்ல?”

“என்ன ஆளு? ரெண்டு வாரத்துக்கு ஆத்தே! நீ கல்யாணத்துக்குப் போகணும்ல!”

பெர்லிதாவுக்குக் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை.

“யார் கல்யாணத்துக்கு?”

“உன் மக கல்யாணத்துக்குத்தான்! ரெய்னான்டே உனக்குப் பதிலா நிக்கிறான். அவன் வாசிக்கறது திருப்தியா இருந்தா கையெழுத்துப் போடறேன்னு லியோங் சொல்லிட்டாரு. உன் பாஸ்போர்ட்ட வச்சு டிக்கெட்டுக்குக்கூடப் பேசியாச்சு. போன தடவ மாதிரி நீ பெட்டி கட்டி ஏமாறக் கூடாதுன்னு, கையெழுத்து ஆகற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு குயா. இப்ப நான் பாடணும், நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. காதல் பாட்டு என்னோடது.”

ஜெனலின் மேடைக்கு ஓடினாள். சா-சா முடிந்தது. லியோங் தலையாட்டினார், விரலால் மேசையில் தட்டினார்.

பெர்லிதா தூணுக்குப் பின்னாலேயே நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. புது ஆள் சரியில்லை என்று லியோங் எழுந்து போவார், அவளுடைய வேலை அவளிடமே இருக்கும், மகள் கல்யாணம் போனில் தெரியும். திறந்தால் டிண்டோவுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ரெய்னான்டே பேப்பரைப் பார்த்தான். பெடலை மிதித்தான். பதிமூன்று. ஜெனலின் கண்ணை மூடி மைக்கைப் பிடித்தாள். அந்த மென்மையான முதல் ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ட்ரம்பெட் அலறியது.

லியோங்கின் புருவம் ஏறியது. ரெய்னான்டே கையை எடுத்தான், பேப்பரைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான், மறுபடி பேப்பர். வியர்த்துவிட்டது அவனுக்கு.

“மிதி!” என்று கத்தினாள் பெர்லிதா. தூணைவிட்டு எப்போது வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. “இன்னொரு தடவ மிதி! எல்லாத்துக்கும் ஒரு நம்பர் தள்ளி! கடைசி வரைக்கும் ஒண்ணு தள்ளி!”

ரெய்னான்டே மிதித்தான். மழைக்கோட்டு வந்தது. ஜெனலின் ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டை எடுத்தாள். ஆனால் டிண்டோ வாசித்துக்கொண்டே பெர்லிதாவைப் பார்த்தான். எத்தனை எண் தள்ளியிருக்கிறது என்பது தப்பை வைத்தவளுக்குத்தான் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாதா? பாட்டு முடியும் வரை பார்வையை எடுக்கவில்லை. அவள் அந்த நாலு நிமிஷமும் நடு ஹாலில் நின்றாள். பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

“இந்தம்மா இங்க என்ன பண்றாங்க?” என்றார் லியோங்.

“ஒண்ணும் இல்ல சார்” என்றான் டிண்டோ. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “பேப்பர்ல ஒரு நம்பர் தப்பாயிடுச்சு, அதச் சொல்ல ஓடி வந்திருக்கா.”

இன்னும் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு லியோங் கையெழுத்துப் போட்டார். ஜனவரி எட்டாம் தேதியிலிருந்து இருபத்திரண்டு வரை லீவு. அவர் போன பிறகு டிண்டோ இறங்கி வந்தான்.

“எத்தன எடத்துல வச்சிருக்க?”

“ஒரே எடம் குயா. அம்மா மேல சத்தியம்.”

“ஆறு வருஷம் பெர்லி. என்கிட்ட நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ பெட்டி கட்டுவ. மறுபடி அந்தப் பெட்டிய இறக்கி வைக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அவள் அழுதாள். அவன் தேற்றவில்லை, பேஸ் கிடாரைத் துடைத்துப் பையில் வைத்தான். அவள் ரெய்னான்டேயிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் அப்பாவியாக, “பரவால்ல ஆத்தே, யார் எழுதினாலும் தப்பு வர்றதுதான்” என்றான். அது அவளுக்குக் கன்னத்தில் அறை வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

கல்யாணத்தில் லவெல்லா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆலயத்துக்குள் நடந்தாள். இருபத்திரண்டாம் தேதி பெர்லிதா காய்ந்த மாம்பழமும் பட்டர்ஸ்காட்சும் சுமந்து திரும்பி வந்தாள். டிண்டோ ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டான், நன்றி சொன்னான், அதற்கு மேல் பேசவில்லை. அவள் ஊருக்குக் கிளம்பிய நாள்வரைகூட அவன் அப்படித்தான் இருந்தான்.

மறுநாள் மத்தியானம் ஒத்திகை. பெரிய கீபோர்டில் பழைய பெயர்கள் இல்லை, ஒன்று முதல் அறுபது எண்கள்தான். அவளும் திரும்ப வைக்கவில்லை. ஸ்டாண்டில் அதே பூ வரைந்த பேப்பர். எல்லாப் பாட்டும் ஓடி, கடைசிப் பாட்டின் கடைசி ஸ்வரத்தை அறுபதாம் எண்ணில் வாசித்து முடித்தாள். கையை எடுக்கப் போனபோது மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து டிண்டோ, அவளைப் பார்க்காமலே, கிடார்க் கம்பியை முறுக்கியபடி சொன்னான்.

“இன்னொரு தடவ மிதி.”

மிதித்தாள். அறுபத்தொன்று. விரல் பட்டதும் ட்ரம்பெட் அலறியது. பேப்பரின் அடியில், பூவுக்குப் பக்கத்தில், டிண்டோவின் கோணல் கையெழுத்தில் ஒரு புதிய வரி இருந்தது. ‘61 – பெர்லிதா.’