அக்காவின் மணியில் ஓடிய கணினி

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. ஒருநாள் என் கணினி, கடிகாரம் தவறு என்று சொல்லி இணையத்தில் சேர மறுத்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சரிசெய்தேன். பிறகு, உயிர் போகிற அவசரத்தில் இருக்கும் ஒருத்திக்கு இது நடந்தால் என்று யோசித்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவள்

(வேண்டாம். என் கதைகளில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மழை பெய்துவிட்டது.)

இரண்டாம் முயற்சி: அவள் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வசன வரிகள் எழுதுகிறவள். அடிக்கிற கணவனை விட்டு வந்து, சலவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறாள். இஸ்திரி ஆவி ஜன்னல் வழியே வரும். வங்கிக் கணக்கு அவன் கையில் இருப்பதால் முதல் சம்பளத்தை, வங்கியே தேவைப்படாத இணையப் பணமான கிரிப்டோவாக வாங்கியிருக்கிறாள். அது கைக்கு வராவிட்டால் அறை இல்லை. அவனோ வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தில் வேலை செய்பவன். அந்தப் பணம் இருக்கும் பணப்பை மென்பொருளை எந்த வீட்டிலிருந்து திறக்கிறாள் என்று மோப்பம் பிடித்துவிடுவான். ஆகவே அதை டோர் வழியாக ஓட்டப் பார்க்கிறாள்.

(டோர்: செய்தியை மூன்று கணினிகள் கைமாற்றும் வலையமைப்பு. தனக்குக் கொடுத்தது யார், தான் யாரிடம் கொடுக்க வேண்டும், இது மட்டுமே ஒவ்வொன்றுக்கும் தெரியும். முழு வழி எதற்கும் தெரியாது. எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

3

டோர் இணையவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"தலைகீழா நின்னு பாத்துட்டேன்க்கா. ஒரே ஒரு தடவை டோர் இல்லாம நேரா திறந்துடட்டுமா?"

"கைய வச்சே, கொன்னுடுவேன். என்ன எழுதி வருதுன்னு படி."

"கடிகாரம் தப்பாம். பல மணி நேரம் வித்தியாசமாம்."

"உன் கம்ப்யூட்டர்ல இப்ப மணி என்னடி?"

"உன்னோட மணி."

"என்னோட மணியா?"

"நீ எப்ப முழிச்சிருப்பேன்னு கணக்குப் போட வரமாட்டேங்குது. அதான் கடிகாரத்தையே உன் ஊர் மணிக்குத் திருப்பி வச்சுட்டேன்."

(இங்கே அக்காவை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழுகிறவள் இல்லை. நான்தான்.)

"மண்டு. உன் ஊர் மணிய வை. நீ எப்பக் கூப்பிட்டாலும் நான் எடுப்பேன்."

திருப்பி வைத்தாள். டோர் இணைந்ததற்கான பச்சை விளக்கு வந்தது. பணப்பை திறந்தது, சம்பளம் இருந்தது.

4

முடிவுகள்.

அ) கணவன் கதவைத் தட்டுகிறான். ஒரு மாதிரி இதை எழுதியும் பார்த்தேன், விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தட்டுவதற்கு அவனுக்கு விலாசம் வேண்டும். அது என் வழியாகத்தான் அவனுக்குக் கிடைக்கும். ஆகவே தெருப்பெயரை அடித்துவிட்டேன். கதவின் நிறத்தை அடித்துவிட்டேன். அவள் அறைக்குக் கீழே இருப்பது உண்மையில் சலவைக்கடையும் இல்லை. மன்னிக்கவும், அந்த இஸ்திரி ஆவி மட்டும் அழகாக இருந்தது.

ஆ) அவள்

(இதை எழுதப்போவது நான் இல்லை.)

கதையை அவளிடமிருந்து வாங்கினேன், உங்களிடம் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் யாரிடம் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. யாராவது வந்து அவள் எங்கே என்று கேட்டால், கதை சொன்னவனை மட்டும் காட்டுங்கள். அதற்குமேல் உங்களுக்கு நிஜமாகவே எதுவும் தெரியாது.

உங்கள் தெருவில் ஏதோ ஒரு மாடியில் ஒருத்தி இப்போது அக்காவைக் கூப்பிடுகிறாள், மணி பார்க்காமல்.