நான்காம் வகுப்பில் ஒரு சைகைக்காரி

"பொறுப்பு யாரும்மா எடுத்துக்கிறது?" தலைமையாசிரியை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"நான்."

"நீங்க கட்டட வேலையில நிப்பீங்க. பொண்ணு இங்க விழுந்து கிடப்பா."

சைகைக்காரி நாற்காலியை விட்டு அசையவில்லை. கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழிருந்து கை காட்டுவது அவள் வேலை. பாரம் இறங்குமிடம் அவருக்குத் தெரியாது. இவள் கைதான் அவருக்குக் கண்.

நான்கு மாதத்துக்கு முன் மகளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. ஒன்பது வயது. ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்ததே என்று மூச்சு விடுவதற்குள் வலிப்பு பிடித்துக்கொண்டது. பதறிப்போய் இவள் என்ன செய்தாள் தெரியுமா? குழந்தைக்கு எதிரே நின்று முஷ்டியை உயர்த்தினாள். நிறுத்து! பதினெட்டு வருடப் பழக்கம். எந்த இயந்திரமும் மீறாத கை அது. வலிப்பு மீறியது. ஆறு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சலைத் தொட்டு வரும் அபூர்வமான வலிப்பு நோய், அடிக்கடி எட்டிப்பார்க்கும் என்றார் டாக்டர். வீடு திரும்பியவளுக்கு வாய்ப்பாடு பாதி மறந்திருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

போன வாரம் பள்ளிக்கு வந்த முதல் நாளே விழுந்தாள். முப்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் கத்த, வகுப்பாசிரியை அவள் வாயில் கரண்டியைத் திணிக்க, ஒரு பல் போயிற்று. அதோடு பள்ளி கையை விரித்துவிட்டது.

"கால் மணி நேரம் வகுப்பை என்கிட்ட விடுங்க மேடம். அப்பவும் வேணாம்னா போயிடறேன்."

"போயிடுவீங்களா?"

"இன்னைக்குப் போயிடுவேன். நாளைக்கு வருவேன்."

தலைமையாசிரியை கடைசியில் தலையாட்ட, விளையாட்டு ஆசிரியர் நான்காம் வகுப்பு நடுவில் வலிப்பு வந்தவராக நடித்துத் தொப்பென்று விழுந்து கைகாலை உதறினார்.

"சார் நல்லா விழறாரே, வீட்ல பழக்கமா?" என்றது ஒரு குட்டி.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள் சைகைக்காரி. "கேளுங்க. பத்து பேர் கை காட்டினா இரும்பு யார் தலையில இறங்கும்னு தெரியாது. ஒருத்தர் கைதான் பேசணும். இந்த வகுப்புல தொண்டை பெருசு யாருக்கு?"

எல்லா விரலும் ஒரு சிறுமியை நோக்கி நீண்டன. "ஒலிபெருக்கி!"

"நீதான்டி கண்ணு இனிமே கை."

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொடுத்தாள் சைகைக்காரி. ஒலிபெருக்கி உள்ளங்கையை உயர்த்தினாள். வகுப்பு கப்சிப். ஒருத்தி பெஞ்சை நகர்த்தினாள். இருவர் சாரை ஒருக்களித்துத் திருப்பித் தலைக்குக் கீழே ஸ்வெட்டரை வைத்தார்கள். ஒருத்தி கடிகாரம் பார்த்து நிமிடம் சொன்னாள். வகுப்பாசிரியை பழக்கதோஷத்தில் சாரின் தோளை அழுத்தப் போனார்.

"டீச்சர், புடிக்கக் கூடாது! வாயிலயும் எதுவும் வைக்கக் கூடாது!" என்று கத்தினாள் ஒலிபெருக்கி.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு!"

"அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா மூக்குல இந்த மருந்தை அடிக்கணும், உடனே ஆம்புலன்ஸ்," என்ற சைகைக்காரி, மருந்துக் குப்பியைத் தலைமையாசிரியையிடம் நீட்டினாள். "இது பெரியவங்க வேலை."

"நானா? எனக்குக் கை நடுங்குமேம்மா."

"நடுங்கட்டும் மேடம். நடுங்கிக்கிட்டே அடிங்க. நானும் அப்படித்தான் அடிக்கிறேன்."

தலைமையாசிரியை குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தரையில் முழங்கால் போட்டுக்கொண்டு சொன்னார்:

"சார், எந்திரிக்காதீங்க. மறுபடி முதல்லேர்ந்து. பொண்ணு நாளைக்கு வர்றா."