பல் சேராத கிளட்ச்

தம்பி தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பெட்டிகளும் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டுவிட்டன. அக்காவும் அவள் புருஷனும் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட வேண்டியதாயிற்று. ஒரு பெட்டியில் பந்தயக் கார்களுக்கான கிளட்ச். இன்னொன்றில் அதற்கு ஜோடியான, என்ஜினோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சக்கரமான ஃபிளைவீல். வழக்கமானதில் பாதி எடைகூட இல்லை.

"உன் பழைய காருக்குத்தான்க்கா. மாட்டிப் பாரு, சும்மா சீறும்."

தெருவில் எல்லோரும் அவளைக் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை அவளுடையது. வருகிறவர்களை நிற்கவைத்துப் போலீஸ்காரி மாதிரி விசாரிப்பாள். எந்த வருஷத்து வண்டி? என்ஜின் மாத்தியிருக்கா, கியர்பாக்ஸ் மாத்தியிருக்கா? தினமும் ஓட்டுறதா, லீவு நாள்ல மட்டுமா? ஊருக்குள் ஓட்டுகிற எவனாவது பந்தயக் கிளட்ச் கேட்டுவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வான். "கல்லு மாதிரி இருக்கும், மிதிச்சே முட்டி போயிடும்பா. ஃபிளைவீல் வேற லேசு, சிக்னலுக்கு சிக்னல் என்ஜின் ஆஃப் ஆகும். உனக்கு எதுக்கு இந்த வேலை?"

அப்படிப்பட்டவள் அன்றைக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்து, "இதையே மாட்டிடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

எல்லாம் வீம்பு. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வலி குறைந்து, நடையும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சின்ன இரண்டு சீட்டு காரை மட்டும் அவள் தொடவே இல்லை. தேய்ந்துபோன கிளட்ச்சை மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது, கால் ஒத்துழைக்கவில்லையென்றால் வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று அவளேதான் வாயை விட்டிருந்தாள். விட்ட நாளிலிருந்து மனசே சரியில்லை. கார் புதுசாய்ச் சீறினால் அக்கா தானாக ஏறிவிடுவாள் என்பது தம்பியின் கணக்கு. சின்ன வயதில் சைக்கிளில் அவனைப் பின்னால் வைத்து மேடெல்லாம் மிதித்தவள், இப்போது அவன் முன்னால் "என் கால் தாங்காதுடா" என்று எப்படிச் சொல்வாள்?

மெக்கானிக்கான புருஷன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் கையைத் துடைத்துக்கொண்டே கடைக்குள் வந்தார். "அந்தக் கிளட்ச் பிளேட் சேரலம்மா. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல இருக்கிற பல்லும் பிளேட்ல இருக்கிற பல்லும் ஒத்துப்போகல. பிளேட் இல்லன்னா அந்த ஃபிளைவீலும் உதவாது, ரெண்டும் ஜோடி."

"ஆமாக்கா, நானே எண்ணிப் பாத்தேன்," என்று பின்னாலிருந்து தம்பி தலையைத் தலையை ஆட்டினான். காருக்குக் காற்றடிக்கக்கூட ஆள் தேடுகிறவன் அவன்.

அந்தக் காரில் இருப்பது அதோடு வந்த கியர்பாக்ஸ் இல்லை. அலைந்து திரிந்து அதைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு பல்லாக எண்ணியவளும் அவள்தான். தம்பி கொண்டுவந்த பிளேட்டிலும் அதே பல்தான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு யாரிடம் கதை விடுகிறார்கள், அதுவும் கிளட்ச் விஷயத்தில்? வாயைத் திறந்தவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஓடாத ஃபேனை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அவர்மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

"சேரலன்னா என்ன பண்றது? மெத்துன்னு மிதிக்கிற செட் ஒண்ணு அலமாரில ரெண்டாவது தட்டுல இருக்கு, எடுத்துக்குங்க. ஃபிளைவீல் பழைய எடையே இருக்கட்டும்."

"எடுத்து மாட்டிட்டேன்," என்றார் அவர்.

தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினாள். முதல் மிதிக்கு முழங்கால் வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வலிக்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் நெரிசல்; பின்னால் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்து நின்றது. காலை மெல்ல மெல்ல எடுத்தாள். கனமான ஃபிளைவீல் என்ஜினைத் தொய்யவிடாமல் தாங்கிக்கொள்ள, வண்டி குலுங்காமல் மேலே ஏறியது. காரை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னக்கா, வலிக்குதா?"

"வாயை மூடிட்டு வாடா."

திரும்பி வந்தபோது புருஷன் ஷெட் வாசலில் நின்று, கையிலிருந்த சுத்தமான ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் என்ஜினை நிறுத்தவில்லை. தம்பியை இறக்கிவிட்டு, "நீங்க ஏறுங்க" என்றாள்.

"உடம்பெல்லாம் கிரீஸா இருக்கு."

"பரவால்ல, ஏறுங்கன்னா."

தெருமுனைச் சிக்னலில் வண்டி நின்றதும் சொன்னாள்: "அந்த ஷாஃப்ட்ல பல்லை எண்ணினவ நான்தாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வேற பொய் தோணல," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக அலறத் தொடங்கின. அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கிளட்ச் பெடலைத் தரையோடு தரையாக அமுக்கியபடி அவள் இடது கால் துளி வலியில்லாமல் அங்கேயே இருந்தது.