தம்பி சொன்னது

சபையில் அவர்களை அனுப்பிவைத்த ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் மூவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். கணவர் போர்வெல் மெக்கானிக். மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். விடுமுறை முழுக்கக் கடல் தாண்டிய நாட்டில் ஊழியம். அங்கே மிஷன் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணியது. அதைச் சரிசெய்ய வேண்டும், மாலையில் கூட்டம் நடத்த வேண்டும், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும்.

விமான நிலையத்தில் காத்திருந்தவன் அந்த நாட்டுக்காரன்தான். ஆனால் துறைமுகத்தில் தமிழர் கடையொன்றில் பல வருஷம் வேலை பார்த்தவன். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு "வாங்கண்ணே, வாங்கக்கா" என்றதுமே மெக்கானிக்குக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் தம்பி. மொழிபெயர்ப்பு, கார், மோட்டார் அறைச் சாவி எல்லாம் தம்பி கையில்.

கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் பின்னால் இவர்களுக்கு இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் சிமென்ட் சுவரில் வரிசையாகக் குழாய்கள், பக்கத்தில் பூட்டிய மோட்டார் அறை. மெக்கானிக் மோட்டாரை வெளியே எடுத்து, கருகிய ஒயரை மாற்றி மறுபடி இறக்கினார். தண்ணீர் பீய்ச்சியடித்தது. அன்று மாலை மண்டபத்தில் கொஞ்சம் பேர்தான். அடுத்த வாரம் நிற்க இடமில்லை. மைக்கைப் பழுதுபார்த்ததைத் தவிர அதன் பக்கமே போகாத மனிதர், ஒவ்வொரு மாலையும் தேவனுடைய அன்பைப் பற்றிப் பேசினார். தம்பி வரிக்கு வரி மொழிபெயர்த்தான். பெஞ்சுகளில் இருந்தவர்கள் அழுதார்கள். பாஸ்டருக்குப் போன் போட்டு, கூட்டம் பிதுங்குகிறது என்று சொன்னார்.

நர்ஸுக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. கட்டுப்போட வந்தவர்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை வெந்த ஒருத்திக்குக் களிம்பு தடவியபோது, அவள் வலியில் முனகாமல் வாசலில் நின்ற தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்கு எதிர் வீட்டுக்காரி தினமும் தூரத்துக் குட்டையிலிருந்து கலங்கல் தண்ணீர் சுமந்து வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, குழாய்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்காதாம், சரியான பிடிவாதக்காரி என்று தம்பி சிரித்தான்.

நோயாளிகளிடம் கையால் காட்டிக் கேட்டுக் கேட்டே நர்ஸ் சில வார்த்தைகள் பழகியிருந்தாள். வலி, திற, மூடு, குடி, எத்தனை நாள். ரேடியோ அவளைவிட வேகம். தெருப் பிள்ளைகளோடு ஆடியே பாதி பாஷையைப் பிடித்துவிட்டாள்.

ஒருநாள் அவள் அம்மாவுக்கு ஒரு விளையாட்டைக் காட்டினாள். எல்லோரும் உட்கார, நடுவில் ஒருவன் நின்று பேசுவான். யார் தலை திருப்புகிறார்களோ அவர்களைப் பார்த்துக் குழாயை மூடுவதுபோல அவன் கையைத் திருகுவான். உடனே மற்றவர்கள், "உனக்குக் குடிக்கக் கிடையாது" என்று கத்துவார்கள். மாட்டியவன் வெளியே போக வேண்டும்.

"நடுவுல நிக்கிறவன் பேரு என்ன தெரியுமாம்மா? தம்பி."

நர்ஸ் சிரிக்கவில்லை. அன்று மாலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். கணவர், தேவன் உங்களை நேசிக்கிறார் என்றார். தம்பி அதே இதமான குரலில் நீளமாக ஏதோ சொன்னான். அதற்குள் மூடு என்ற சொல் இருந்தது. குடி என்ற சொல்லும் இருந்தது. முன் வரிசையில் ஒரு கிழவர் அழ ஆரம்பித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் விஷயத்தைச் சொல்ல, மெக்கானிக் கையை உதறினார். நாலு வார்த்தை கற்றுக்கொண்டு ஊழியக்காரனைச் சந்தேகப்படுவதா என்று கோபித்தார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கூட்டத்தில், பேச்சின் நடுவே, இங்கே வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் எல்லோருக்கும் உண்டு என்றார். தம்பி மொழிபெயர்த்தான். தலைகள் இன்னும் தாழ்ந்தன.

நர்ஸ் எழுந்துவிட்டாள். தெரிந்த வார்த்தைகளைக் கோத்தாள். தண்ணீர். எல்லோரும். குடி. இங்கே வராமல் குடி. மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பிறகு முன் வரிசைக்காரன் ஒருவன் பயந்து போய்க் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

காலையில் மெக்கானிக் மோட்டார் அறைப் பூட்டைச் சுத்தியலால் உடைத்தார். தம்பி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"கேட்டிருந்தா சாவி குடுத்திருப்பேனேண்ணே" என்றான். "பாஸ்டர் ஐயாவுக்குக் கூட்டம் வேணும், போட்டோ வேணும். முன்னாடி வந்த டீமுக்கு நாலு பேர்கூடச் சேரல. அழுதுட்டே போனாங்க. நீங்க சந்தோஷமாத்தானே இருந்தீங்க?"

மெக்கானிக் உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். பெண்கள் குடத்தோடு தூரத்திலேயே நின்றார்கள். கடைசியில் எதிர் வீட்டுக்காரி மட்டும் வந்தாள். குடம் நிரம்பியதும் நர்ஸைப் பார்த்து, எத்தனை நாள் இங்கே என்று கேட்டாள். சனிக்கிழமை வரை என்று நர்ஸ் விரலால் காட்டினாள்.

எதிர் வீட்டுக்காரி திரும்பிப் படியில் இருந்தவனைப் பார்த்தாள். குடத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை மண்ணில் கொட்டிவிட்டுக் குட்டைப் பக்கம் நடந்தாள்.

மெக்கானிக் போனில் எல்லாவற்றையும் கொட்டினார். பாஸ்டர் முதலில் ஜெபிக்கச் சொன்னார். அப்புறம், அடுத்த டீமுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, அங்கே நம் பாஷை தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான், ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்றார். மெக்கானிக் குரல் உயர்த்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் மரியாதையில்லாமல் பேசினார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை காருக்கு இரண்டு பக்கமும் ஊரே திரண்டு நின்றது. இவர்கள் சொல்லிக்கொடுத்த துதிப் பாட்டைத் தமிழிலேயே பிசகாமல் பாடினார்கள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தம்பி, போகலாமா அக்கா என்று பணிவாகக் கேட்டான்.

ரேடியோ ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அவளோடு விளையாடிய பிள்ளைகள் யாரும் பதிலுக்குக் கையாட்டவில்லை. தம்பி ஒரு கையை வெளியே நீட்டி மெல்ல அசைத்தான். உடனே அத்தனை பிள்ளைகளும் கையாட்டினார்கள்.