டத்தோவுக்குப் போட்ட பலகை

கடிதத்தைப் படித்து முடித்ததும் அண்ணாமலை முதலில் செய்த காரியம், அதற்கு நன்றி எழுத உட்கார்ந்ததுதான்.

அவர் மகள் கோகிலா ரசாயனத்தில் வகுப்பிலேயே முதல். ஐந்து வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை எடுத்துக்கொண்டு ஒரு ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அவளுடைய பாதுகாப்பைக் கருதி இனி ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டாம், தையல் வகுப்பில் சேரலாம் என்று பள்ளிக்கூடம் எழுதியிருந்தது.

"செய்முறைப் பரீட்சை எழுதலன்னா நான் பெயில்தான்ப்பா. ஒரு தாழ்வான மேசை, ஒரு நாற்காலி. வேற என்ன கேட்டேன்?"

"அதெல்லாம் கேட்டா நல்லா இருக்காதுலா. சேத்துக்கிட்டதே பெருசு."

"தையல் தெரிஞ்சா நாலு பேரு பொண்ணு கேட்டு வருவாங்க," என்றாள் அம்மா மீனாச்சி. பதினேழு வருஷமாக வராத அந்த நாலு பேரும் ஊசிக்காகத்தான் காத்திருந்தார்கள் போலும்.

மறுநாள் காலை காஜா பெராங் சாலையில் ஊன்றுகோலை ஊன்றி நடந்துபோய், ஆய்வுக்கூடத்தின் மூன்று படிகளுக்குக் கீழே நின்று கோகிலா ரசாயன ஆசிரியர் சேதுராமனிடம் மேசையும் நாற்காலியும், படியேற ஒரு வழியும் கேட்டாள்.

"லேப்ல எல்லாரும் நின்னுதான் வேலை செய்யணும். ரூல்ஸ். ஆசிட் கொட்டினா உன்னால ஓட முடியுமா?"

"ஓடக்கூடாது, தண்ணிய ஊத்தணும்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?"

"கெட்டிக்காரப் பொண்ணு," என்று மனதாரப் பாராட்டிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். படியை மாற்றுவதென்றால் கோலாலம்பூரிலிருந்து உத்தரவு வரவேண்டுமாம். மூன்று வருஷமாவது ஆகுமாம்.

சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடத்தின் புதுக் கருவிகளைத் தொடங்கிவைக்க ஒரு டத்தோ, அதாவது அரசுப் பட்டம் பெற்ற பெரிய மனிதர், வருவதாகச் செய்தி வந்தது. டத்தோவுக்கு மூட்டுவலி, படி ஏற மாட்டார் என்று கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. புக்கிட் ரம்பாயிலிருந்து தச்சர் ஒருவர் வந்தார். ஒரே நாளில் படிகளின் மேல் சாய்வுப் பலகை படிந்தது. உள்ளே தாழ்வான மேசையும் மெத்தை நாற்காலியும் முளைத்தன. கோலாலம்பூரை யாரும் கேட்கவில்லை.

"சுதந்திர நாட்டில் விஞ்ஞானத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும்!" என்றார் டத்தோ, உட்கார்ந்தபடியே. எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே அங்சானா மரத்தடியில் நின்ற கோகிலாவுக்கு ஒரு கை ஊன்றுகோலில் இருந்ததால் தட்ட முடியவில்லை.

கூட்டம் தேநீர் விருந்துக்கு நகர்ந்ததும் அவள் பலகை மீது ஏறினாள். பயந்த அளவுக்கு அது வழுக்கவில்லை. டத்தோவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவைத்து, இரண்டு கைகளாலும் பியூரெட் என்ற அளவுக் குழாயை நிரப்பினாள். ஆய்வுக்கூடத்தில் முதல்முறையாக அவளுக்கு இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்தன.

கையில் பாதி தின்ற கறிபாப்போடு சேதுராமன் ஓடி வந்தார்.

"ஏய்! எழுந்திரு! அது டத்தோ உக்காந்த நாற்காலி!"

"இன்னும் ரெண்டு சொட்டு சார்."

ஒன்று. இரண்டு. குடுவையில் இளஞ்சிவப்பு படர்ந்து நின்றது.

"இருபத்திநாலு புள்ளி ரெண்டு. சரியா பாருங்க சார்."

பழக்கதோஷம், அவர் குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கறிபாப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

வாசலில் தச்சர் சுத்தியலோடு வந்து, பலகையைக் கழற்றலாமா என்று மலாயில் கேட்டார். சேதுராமன் வாயைத் திறப்பதற்குள் கோகிலா திரும்பினாள்.

"பெலும், பாங்," என்றாள். இன்னும் இல்லை, அண்ணே.

பிறகு இரண்டாவது அளவுக்காகப் பியூரெட்டை மறுபடி நிரப்பத் தொடங்கினாள்.